பான் பா-ஆவ் பித்தளையில் தொங்குவிளக்கு: மெழுகு நிலையிலேயே எதையெல்லாம் முடித்துவிட வேண்டும்?

#1 வெளிச்சம்2700

வணக்கம். பாங்காக்கில் ஒரு உணவகத்துக்கு உள்ளரங்க வேலை. மேசைகளுக்கு மேல் 12 தொங்குவிளக்கு. கவிழ்த்த கிண்ண வடிவம், வாய் விட்டம் 300 மி.மீ. வாசல் பக்கம் கூடுதலாக இரண்டு, 400 மி.மீ. ஜிப்சம் கூரை, அதற்கு மேலே கான்கிரீட் தளம். சமையலறை திறந்த அமைப்பு.

வாடிக்கையாளர் "பான் பு வெண்கலம்" என்கிறார். அவர் காட்டும் படங்களோ மஞ்சளாக, மேலே நூல் சுற்றிய மாதிரி வரிகளோடு இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானா? சுவர்த் தடிமன் எவ்வளவு சொல்ல வேண்டும்? வார்த்து வந்தபிறகு துளை போட்டுக்கொள்ளலாமா, இல்லை வார்க்கும்போதே விடணுமா? மெருகு பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 ஈசான்மூலை

ஒன்றல்ல. பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தவறான பட்டறைக்குப் போய் நிற்பீர்கள்.

பான் பு என்பது பாங்காக்கிலேயே, தோன்புரிப் பக்கம் பாங்காக் நோய் கால்வாயோரம் இருக்கும் குடியிருப்பு. 1767-இல் பழைய தலைநகர் அயுத்தயா விழுந்தபின் அங்கிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. "பு" என்றால் தட்டி உருவாக்குவது. அங்கே செய்வது "கான் லோங் ஹின்" கிண்ணம். செம்பு 7 பங்கு, வெள்ளீயம் 2 பங்கு. உருக்கித் தட்டையான வில்லையாக ஊற்றி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு தட்டித் தட்டிக் கிண்ணமாக்குவார்கள். கடைசியில் கல்லால் தேய்த்து மெருகு. பெயரில் இருக்கும் "ஹின்" அந்தக் கல்தான். அது வார்ப்புப் பாத்திரமே இல்லை, பித்தளையும் இல்லை.

உங்கள் படத்தில் இருப்பது பான் பா-ஆவ். உபோன் ராட்சதானி நகரிலிருந்து யசோதோன் போகும் சாலையில் 20 கிலோமீட்டருக்குள் வரும் கிராமம். தாய்லாந்தின் வடகிழக்கை "ஈசான்" என்கிறார்களே, நம் ஈசானிய மூலையில் இருக்கும் அதே சொல்தான். அங்கே மெழுகு வார்ப்பு. உலோகம் "தோங் லுவாங்", சொல்லுக்குச் சொல் எடுத்தால் மஞ்சள் பொன், அதாவது பித்தளை. வெண்கலத்துக்கு "தோங் சம்ரித்" என்பார்கள். கொட்டேஷனில் எந்தத் "தோங்" என்று எழுதி வாங்குங்கள். வெறும் "தோங்" பொன்னையும் குறிக்கும், உருக்கிய உலோகத்தையும் குறிக்கும். புத்தர் சிலை வார்க்கும் சடங்குக்கே "தே தோங்" என்றுதான் பெயர். அங்கே பெரும்பாலும் ஊற்றுவது பித்தளைதான்.

மூன்றாவதாக பான் சாங் லோ. அதுவும் தோன்புரிதான். சிலை வார்ப்பவர்கள் குடியிருந்த இடம். புகைப் பிரச்சினையால் உலை வேலை நகரத்துக்கு வெளியே போய்விட்டது. பெரிய உருப்படி, ஒரே அச்சில் பல பிரதி என்றால் அந்த மரபில் வந்த பட்டறைகள்தான் சரி.

#3 மூசைப்பிடி

ஈசான்மூலை சொன்னதில் ஒன்று சேர்க்கணும். பா-ஆவ் வேலையில் விளக்குக்குப் பொருந்துவது, பொருந்தாதது இரண்டும் அந்தச் செய்முறையிலேயே இருக்கிறது. அதனால் வரிசையாகச் சொல்லிடுறேன்.

முதலில் உட்கரு. கரையான் புற்று மண், மாட்டுச் சாணம், உமி. மூன்றையும் இடித்துப் பிசைந்து ஒரு மரத்தண்டின் மேல் அப்பிக் காயவைப்பாங்க. புற்று மண் ஏன்னா, கரையானே சலித்துக் கொடுத்த மண். கல் இருக்காது, ஒட்டும். சாணத்தில் இருக்கும் நாரும் உமியும் சூட்டில் எரிந்துபோய் நுண்துளைகளை விட்டுட்டுப் போகும். உலோகம் பாயும்போது காற்று வெளியேற அந்தத் துளைதான் வழி. காய்ந்த கருவைக் கைக்கடைசலில் சுழற்றி வழவழப்பாக்கணும். விளக்கின் உள்பக்கம் இந்தக் கருவின் பிரதி. கிண்ணம் செய்கிறவர் உட்பக்கத்தைப் பிறகு கடைந்துக்கலாம்னு கொஞ்சம் அசட்டையா விடலாம். விளக்கில் பல்பு பக்கத்திலேயே இருக்கு, ஒவ்வொரு வரியும் நிழல் காட்டும்.

அடுத்து மெழுகு. தேன்மெழுகோடு பிசின் சேர்த்து, ஒரு உருளைக்குள் போட்டு அழுத்தினா இடியாப்பம் மாதிரி நூலாக வரும். அந்த நூலைக் கருவின் மேல் இடைவெளி இல்லாம நெருக்கமாச் சுற்றணும். உங்கள் படத்தில் தெரியும் வரி இதுதான். சில வேலைகளில் சுற்றியபின் சூடுகாட்டிக் கடைந்து சமமாக்கிட்டு, மேலே கோலம் செதுக்கிய சின்ன உருளையை ஓட்டி அலங்காரம் பதிப்பாங்க. நூல் வரி அப்படியே வேணும்னா "சமப்படுத்த வேண்டாம்"னு முன்கூட்டியே சொல்லிடுங்க. ஆனா உள்ளே நூலுக்கும் நூலுக்கும் நடுவில் இணைப்பு இருக்கணும், விரலால் அழுத்தியோ சூட்டுக்கத்தி தடவியோ. இணைப்பு விட்டுப்போன இடத்தில் மண் புகுந்து, பித்தளையில் முடிமாதிரிக் கீறலா வரும்.

பிறகு மேல்மண். முதல் பூச்சு நைசான மண்ணும் சாணிப்பாலும், மெல்லிசா, காயக் காய. அதன்மேல் உமி கலந்த முரட்டு மண். நிழலில்தான் காயணும். வெயிலில் வச்சா மெழுகு இளகி மண் வெடிக்கும். அப்புறம் சுட்டு மெழுகை வடித்து, அச்சு சூடா இருக்கும்போதே ஊற்றி, ஆறினதும் உடைக்கணும். ஒரு அச்சு, ஒரு உருப்படி. 12 விளக்குன்னா 12 தடவை முதலிலிருந்து.

தடிமன்: 300 விட்டத்துக்கு 3 மி.மீ. கேளுங்க. 2 மி.மீ.க்கு ஆசைப்பட்டா விளிம்பு எட்டுமுன் உலோகம் உறைஞ்சிடும்; வாய் ஓரத்தில் அரைவட்டக் கடி மாதிரி குறை வரும்.

#4 குத்துவிளக்கு

நாச்சியார்கோயில் பக்கம் வண்டல் மணலில் அச்செடுத்து வார்க்கிறார்கள், குத்துவிளக்குகள் அப்படித்தான் வருகின்றன. கவிழ்த்த கிண்ணம் எளிய வடிவம். இதற்கு எதற்கு மெழுகும் புற்றுமண்ணும்? மணல் வார்ப்பில் ஒரே மாதிரி 12 வந்துவிடுமே, செலவும் குறையும்.

#5 மூசைப்பிடி

வழவழப்பான கிண்ணம்னா நீங்க சொல்றது சரி, மறுக்கலை. அதைவிட மலிவா பித்தளைத் தகட்டைச் சுழற்றி அழுத்தியே செய்யலாம், 1 மி.மீ.யில் முடியும், எடையும் மூன்றில் ஒரு பங்கு. மெழுகுக்கு நியாயம் இரண்டு இடத்தில்தான். நூல் வரி, உருளைக் கோலம் மாதிரி மேற்பரப்பு இருந்தா மணலிலிருந்து மாதிரியை இழுக்கும்போது ஓரம் பிய்ந்துடும். உள்ளிருந்து வெளியே ஊடுருவும் துளைகள் சுற்றிலும் இருந்தாலும் மணலில் அச்சு பிரியாது. இந்த இரண்டும் இல்லைன்னா பா-ஆவ் போக வேண்டாம். பெயருக்காக மட்டும் போறதுன்னா அது வேற கணக்கு.

துளைன்னு வந்ததால் ஒரு விஷயம். மெழுகில் துளை போட்டா மேல்மண் அந்தத் துளை வழியா உட்கருவைத் தொட்டு நிற்கும். மெழுகு வடிந்தபின் கருவை அசையாம பிடிக்கிறதே இந்த மண்பாலங்கள்தான். துளையே இல்லாத கூட்டுக்கு ஆணி குத்திக் கருவைத் தாங்கணும். சிலை வார்ப்பில் அந்த ஆணிகளைப் பிற்பாடு பிடுங்கி அடைப்பாங்க. ஆக, துளைபோட்ட விளக்கு வார்க்கிறவருக்கு ஒருவிதத்தில் சுலபம். ஆனா துளை 5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அதைவிட மெல்லிய மண்பாலம் உலோகம் மோதினதும் ஒடிஞ்சு, துளை இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை அடைச்சுக்கும். 2, 3 மி.மீ. துளை வேணும்னா வார்த்தபின் ட்ரில்தான்.

சுவாமிமலைக்காரங்க கனவார்ப்பு செய்றாங்க, உள்ளே கரு கிடையாது. அதனால் இந்தக் கரு நகரும் தொல்லை அங்கே பேச்சிலேயே வராது. இங்கே பாதிக் குறைபாடு அதிலிருந்துதான். கரு 1 மி.மீ. நகர்ந்தா ஒருபக்கம் 4, மறுபக்கம் 2. கிண்ணமா மேசைமேல் வச்சா யாருக்கும் தெரியாது. தொங்கவிட்டா சாய்ந்து நிற்கும்.

#6 வெளிச்சம்2700

எடை பற்றிச் சொல்லவில்லையே மூசைப்பிடி சார். மின்சார ஆள் ஒயரிலேயே தொங்கவிடலாம் என்கிறார்.

#7 மூசைப்பிடி

அரைக்கோளம்னு வச்சுக்கோங்க. பரப்பு 2 × 3.14 × ஆரம் × ஆரம். 300 விட்டத்துக்கு சுமார் 1,414 சதுர செ.மீ. 0.3 செ.மீ. தடிமன் பெருக்கினா 424 கன செ.மீ. பித்தளை கன செ.மீ.க்கு 8.5 கிராம். 3.6 கிலோ. 400 விட்டம்னா அதே தடிமனில் 6.4 கிலோ. இது கணக்குப்படி, கையால் சுற்றும் மெழுகு எப்பவும் கொஞ்சம் தடிப்பாகத்தான் வரும். மெழுகை எடைபோட்டு 9-ஆல் பெருக்கினா வரப்போகும் பித்தளை எடை முன்னாடியே தெரிஞ்சுடும். மெழுகு 450 கிராமைத் தாண்டினா அந்த நிலையிலேயே திருப்பி அனுப்பலாம், பித்தளை ஆனபின் முடியாது.

#8 எர்த்வயர்

ஒயரில் தொங்கவிடலாமா என்பதற்கு நேரடிப் பதில்: உங்கள் எடைக்கு, சாதாரண ஒயரில், கூடாது.

விளக்குகளுக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60598-1 சொல்வது: ஒயரில் தொங்கும் விளக்கு 5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, அதோடு செம்புக் கம்பிகளின் மொத்தக் குறுக்குப்பரப்பில் சதுர மி.மீ.க்கு 15 நியூட்டனுக்கு மேல் இழுவை வரக்கூடாது. தொங்குவிளக்குக்கு எல்லோரும் போடுவது 3 × 0.75. மொத்தம் 2.25 சதுர மி.மீ. 3.6 கிலோ என்றால் 35.3 நியூட்டன், வகுத்தால் 15.7. தாண்டிவிட்டது. ஹோல்டர், பல்பு எடை வேறு சேரும். 3 × 1.0 போட்டால் 300 விட்டம் கணக்கில் உள்ளே வரும். 400 விட்டம் 5 கிலோ வரம்பையே தாண்டுகிறது, அதற்கு ஸ்டீல் ரோப்போ பித்தளைக் குழாய்த்தண்டோ கட்டாயம். என் கருத்து, எல்லாவற்றுக்குமே ரோப் போட்டு ஒயரைத் தளர்வாக விடுங்கள். பிடிமானம் ஜிப்சம் பலகையில் வேண்டவே வேண்டாம். கான்கிரீட் தளத்தில் ஆங்கர் அடித்து, த்ரெட் ராடை இறக்கி, அதில் கொக்கி. சோதனை விளக்கு எடையின் நான்கு மடங்கை ஒரு மணி நேரம் தொங்கவிடுவது. 400-க்கு அது 25 கிலோவைத் தாண்டும்.

உடல் முழுவதும் உலோகம், ஆக எர்த் இல்லாமல் பேச்சில்லை. ஒன்று கவனியுங்கள்: லாக்கர் அடித்த பரப்பில் எர்த் திருகை முறுக்கினால் தொடர்பே இருக்காது. எர்த் உட்காரும் இடத்தை லாக்கருக்கு முன் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். பல்லுள்ள வாஷர் போடுங்கள். 10 ஆம்பியர் விட்டு அளந்தால் 0.5 ஓமுக்குள் வர வேண்டும். மல்டிமீட்டரில் "பீப்" கேட்டது சோதனை ஆகாது.

ஒயர் நுழையும் துளையில் வார்ப்புப் பிசிறு கத்திபோல இருக்கும். அரத்தால் உருட்டிவிட்டு, ஒயரைக் காக்கும் புஷ் மாட்டாமல் ஒயரை இழுக்காதீர்கள்.

#9 கடைசல்

எல்லாரும் கூட்டைப் பத்தியே பேசறீங்க. விளக்கைப் பட்டறையில் அழ வைக்கிறது உச்சியில் இருக்கும் ஒரே ஒரு துளைதான்.

விளக்குச் சாமான் எல்லாம் எம்10 × 1 த்ரெட். நிப்பிள் (ஒயர் நுழையும் த்ரெட் போட்ட குழாய்), ஹோல்டர் மூடி, ஒயர்பிடி எல்லாம் அதிலேயே உட்காரும். 9 மி.மீ. ட்ரில், பிறகு த்ரெட் வெட்டும் டாப். 3 மி.மீ. சுவரில் மூணு த்ரெட்தான் பிடிக்கும், 4 கிலோவுக்கு அதை நம்ப முடியாது. அதனால் உச்சியில் உட்பக்கமா 22 மி.மீ. விட்டம், 10 மி.மீ. உயரத்துக்கு ஒரு குமிழை மெழுகிலேயே வைக்கச் சொல்லணும்.

இங்கேதான் சிக்கல். மெல்லிய சுவர் நடுவில் தடித்த குமிழ் இருந்தா சுவர் முதலில் உறையும், குமிழ் கடைசியில் உறையும். உறையும்போது சுருங்கும், ஊட்ட உலோகம் கிடைக்காது, உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை. டாப் போடும்போது த்ரெட் உதிரும். தீர்வு எளிசு: ஊற்றுவாயை அந்தக் குமிழ் மேலேயே வைங்க. உலோகம் உச்சி வழியா இறங்கும், கடைசிவரை ஊற்றுவாய்த் தண்டு குமிழுக்கு ஊட்டிக்கிட்டே இருக்கும். பிறகு தண்டை வெட்டின இடத்திலேயே ட்ரில். வெட்டுத் தழும்பும் சீலிங் பக்கம் கப்புக்குள்ளே மறைஞ்சுடும்.

ஆனா ஊற்றுவாய்த் தண்டு கட்டையா இருந்தா அந்தத் தண்டில் விழ வேண்டிய குழி கீழே குமிழுக்குள்ளே இறங்கிடும். குமிழைவிடத் தடிமனா, குறைஞ்சது 60 மி.மீ. உயரமா கேளுங்க. பித்தளையை மிச்சம் பிடிக்கணும்னு இதில்தான் கை வைப்பாங்க.

கரு மரத்தண்டின் மேல் சுழன்றதால் நடு அச்சு இயல்பாவே கிடைக்கும். அந்த அச்சுக்கும் குமிழின் நடுவுக்கும் வித்தியாசம் இருந்தா, ட்ரில் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஊசிமுனையில் கவிழ்த்து வைத்துச் சமநிலை பாருங்க. சாய்ற பக்கத்திலேயே உள்விளிம்பை அரைத்தா 20, 30 கிராமில் சரியாகும். துளையை நகர்த்திச் சரிபண்ண நினைக்காதீங்க, ஹோல்டர் கோணலாயிடும்.

#10 வெளிச்சம்2700

உச்சியில் ஊற்றுவாய் என்பதை வரைபடத்தில் சேர்த்துவிட்டேன். வாடிக்கையாளர் இன்னும் பான் பு கிண்ணத்தை விடவில்லை. கடையில் கிடைக்கும் தயார்க் கிண்ணத்தை வாங்கிக் கவிழ்த்து, அடியில் 10 மி.மீ. துளை போட்டால் என்ன?

#11 கடைசல்

போட்டா பாதி விரியும். 22 சதவீத வெள்ளீயம் இருக்கிற வெண்கலம் குளிர்ந்த நிலையில் கண்ணாடிக்குச் சித்தப்பா. சூட்டில் தட்டி, சிவந்த நிலையிலேயே தண்ணியில் முக்கி எடுக்கிறதால்தான் அது ஓரளவு தாங்குது. டாப் போடவே கூடாது, த்ரெட் முனையில் விரிசல் தொடங்கும். மரக்கட்டையில் கவிழ்த்து, வைர ரிங் பிட்டால் தண்ணி ஊத்தி மெதுவா வெறும் துளை மட்டும் எடுங்க. இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர், நிப்பிளோடு நட்டு, கைமுறுக்கு மட்டும். பக்கத்தில் வெல்டிங், பிரேசிங்குன்னு சூடு காட்டினா முக்கி எடுத்த பதம் போயிடும், அப்புறம் விரலால் தட்டினாலே உடையும்.

கிண்ணம் நல்லதான்னு தட்டிப் பாருங்க. மணி மாதிரி நீளமா ஒலிக்கணும். "டொக்"னு நின்னா உள்ளே விரிசல் இருக்கு.

#12 ஈசான்மூலை

இந்த உலோகத்தைப் பற்றி ஒரு சிறு விலகல், மன்னிக்கவும். காஞ்சனாபுரி மாகாணத்து பான் டோன் தா பெட் இரும்புக்கால இடுகாட்டில் கிடைத்த மெல்லிய கிண்ணங்களும் இதே மாதிரி வெள்ளீயம் மிகுந்த வெண்கலம்தான். நம் ஆதிச்சநல்லூர், நீலகிரிப் பாத்திரங்களிலும் அதே வகைக் கலவை உண்டு. வங்காள விரிகுடாவின் இரு கரைகளும் இந்தச் சூட்டில் தட்டும் வித்தையை அறிந்திருந்தன. தென்னிந்தியாவில் விளக்குக்கு இதை யாரும் துளை போட்டதாகத் தெரியாது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று, வேலை சம்பந்தப்பட்டது. வாடிக்கையாளர் அடுத்தபடியாக "புத்தர் தலை விளக்கு" கேட்பார். தாய்லாந்தில் அது செய்யக்கூடாத காரியம். அலங்காரப் பொருளாகப் புத்தர் உருவை வைப்பதையே அங்கே அவமதிப்பாகப் பார்ப்பார்கள். நாட்டை விட்டு எடுத்துப் போவதற்கும் நுண்கலைத் துறை அனுமதி வேண்டும். மணி, தாமரை மொக்கு, வெற்றிலைச் செல்ல வடிவங்களில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. பா-ஆவில் "ஹிங்" என்று மாட்டுக்கழுத்து மணி ஒன்று செய்கிறார்கள், உருண்டையாக, கீழே பிளவோடு. அதைச் சற்றே பெரிதாக்கினால் படுக்கையோர விளக்குக்கு அருமையான கூடு.

#13 பாசிப்பித்தளை

மெருகு பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள், யாரும் தொடவில்லை.

முதலில் எச்சரிக்கை. வார்ப்புத்தோலை நீக்க அமிலத் தொட்டியில் முக்குவது வழக்கம். மண்ணச்சில் வந்த பித்தளையில் நுண்துளைகள் இருக்கும். அமிலம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். லாக்கர் அடித்து இரண்டு வாரம் கழித்து, அடியிலிருந்து பச்சையாகவும் வெள்ளையாகவும் புள்ளி கசியும். உரித்துவிட்டுத் திரும்ப அடித்தாலும் அதே இடத்தில் வரும். அமிலம் தவிர்க்க முடியாவிட்டால் வெந்நீரில் பலமுறை ஊறவைத்து, 110 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் உலர்த்திய பிறகே அடுத்த வேலை. பழைய முறையான புளி போதும் என்பேன். தாய்லாந்திலும் பித்தளைக்குப் புளிதான், "மக்காம்". புளியும் அமிலமே, அதிக நேரம் விட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து பரப்பு இளஞ்சிவப்பாகும். தேய்த்த கையோடு கழுவிவிட வேண்டும்.

கறுப்பு வேண்டுமானால் அங்கே "ரோம் டம்" என்று கேட்பார்கள். கந்தகக் கரைசல் செம்பிலும் வெண்கலத்திலும் அழகாகப் பிடிக்கும், பித்தளையில் சரியாகப் பிடிக்காது. திட்டுத்திட்டாக வந்து துணியோடு போய்விடும். ஒன்று, மேலே மெல்லிய செம்புப் பூச்சு ஏற்றிப் பிறகு கந்தகம். இல்லையேல் பித்தளைக்கென்றே வரும் கறுப்புக் கரைசல். நூல் வரிகளின் பள்ளத்தில் கறுப்பை விட்டு மேட்டை மட்டும் தேய்த்து எடுத்தால் வரி தூக்கிக் காட்டும். பளபளப்பாக்கினால் அந்த நூல் வேலை கண்ணுக்கே தெரியாமல் போகும், ஒவ்வொரு வரியும் ஒரு கண்ணாடியாக மினுங்கி மற்றதை அழிக்கும். மெருகூட்டாதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

திறந்த சமையலறை என்றதால் மேற்பூச்சு முக்கியம். தேன்மெழுகுப் பூச்சு எண்ணெய்ப் புகையையும் தூசியையும் சேர்த்துப் பிடித்துப் பிசுக்காகும். அடுப்புக்குப் பக்கத்து விளக்குகளுக்கு பென்சோட்ரையசோல் (பித்தளை நிறம் மங்காமல் காக்கும் வேதிப்பொருள்) கலந்த அக்ரிலிக் லாக்கர், இன்க்ராலாக் வகை. அடிப்பதற்கு முன் அசிட்டோனால் துடைத்து, கையுறையோடு தொட வேண்டும். ஒரு கைரேகை விழுந்தால் ஆறு மாதத்தில் அந்த ரேகை பழுப்பாகத் தெரியும், ஆளையே அடையாளம் காணலாம்.

சுத்தம் செய்பவர்களுக்கு எழுதிக் கொடுங்கள்: அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் கூடாது. பித்தளையில் எங்காவது இறுக்கம் இருந்தால் அம்மோனியா அதைத் தானாக விரியச் செய்யும். பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் குதிரை லாயத்துக்குள் இருந்து விரிந்தது இதனால்தான். நிப்பிளை மட்டுமீறி முறுக்குவது, கோணல் விளிம்பைத் தட்டி நேராக்குவது எல்லாமே அந்த இறுக்கத்தை உண்டாக்கும். தட்டி நேராக்கியதை 250 முதல் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் தளர்த்திவிடுங்கள். தகட்டைச் சுழற்றிச் செய்த விளக்குக்கு இது கட்டாயம்.

கூரைக் கப்பை ஒட்ட சாதாரண சிலிகான் போடாதீர்கள். வினிகர் வாடை வரும் வகை பித்தளையைப் பச்சையாக்கும். "நியூட்ரல்" என்று டியூபில் போட்டிருப்பது மட்டும்.

#14 குத்துவிளக்கு

பாசிப்பித்தளை சொல்வது உள்பக்கத்துக்கும் பொருந்துமா? உள்ளே பளபளப்பாக இருந்தால்தானே வெளிச்சம் கூடும்?

#15 எர்த்வயர்

உள்ளே பளபளப்பு கூடாது. பல்பின் உருவமே உள்ளே தெரியும், உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அடிக்கும். மணல் வீசியது போன்ற மங்கல் பரப்பு போதும்.

நிறமும் மாறும். பித்தளை நீல ஒளியை விழுங்கி மஞ்சளைத் திருப்பி அனுப்பும். 2700 கெல்வின் பல்பு போட்டு, வெளிச்சத்தில் பெரும்பகுதி உட்சுவரில் பட்டுத் திரும்பி இறங்கினால், மேசையில் சோறு மஞ்சள்சோறாகத் தெரியும். உட்சுவர் வெறும் பித்தளை என்றால் 3000 கெல்வின், நிறத்தரம் (சிஆர்ஐ) 90-க்கு மேல். உள்ளே வெள்ளைப் பெயின்ட் என்றால் 2700. வெளிச்சம்2700, உங்கள் பெயரை மாற்ற வேண்டிவரும்.

சூடு: உச்சி மூடிய கூட்டில் ஈ27 (திருகு அடி) எல்இடி பல்பு 8 வாட்டுக்கு மேல் வேண்டாம். பல்பின் கழுத்தில்தான் மின்சுற்று இருக்கிறது, வெந்த காற்று மேலே ஏறி அங்கேயே தங்கும். எல்இடி தட்டையை நேரடியாகப் பித்தளையில் பதிக்கலாம், பித்தளை சூட்டை நன்றாகவே கடத்தும். ஆனால் வார்ப்புப் பரப்பு மேடுபள்ளம். கடைந்து சமமாக்காமல் பதித்தால் பசை எவ்வளவு தடவினாலும் பயனில்லை.

துளைபோட்ட கூடு என்றால் பல்பையும் சேர்த்து யோசியுங்கள். தெளிந்த கண்ணாடி பல்பு துளையின் நிழலைச் சுவரில் கூர்மையாகப் போடும். பால்நிற பல்பு எல்லாவற்றையும் கரைத்துவிடும், துளை போட்ட காசு வீண்.

#16 மூசைப்பிடி

விட்டுப்போன ஒண்ணு. உருப்படி வந்ததும், மெருகு ஏத்துறதுக்கு முன்னாடி, இருட்டறையில் உள்ளே ஒரு பல்பைப் பிடிச்சு வாயைத் துணியால மூடிட்டு வெளியே பாருங்க. சுவரில் ஊசிமுனை ஓட்டை இருந்தா நட்சத்திரம் மாதிரி தெரியும். பாத்திரத்துக்கு அந்த ஓட்டை ஒண்ணுமில்லை, தண்ணிகூடக் கசியாது. விளக்கில் எரியவிட்ட நிமிஷமே வாடிக்கையாளர் கண்ணு அங்கேதான் போகும். பெரும்பாலும் காரணம் ரெண்டு: அச்சு முழுசாக் காயாம ஈரம் ஆவியானது, இல்லை மேல்மண்ணிலிருந்து ஒரு பொடி உதிர்ந்து சுவரில் மாட்டினது. ஒண்ணு ரெண்டுன்னா அதே பித்தளையில் ஆணி செஞ்சு குத்தித் தட்டி அரைச்சிடலாம். ஈயப் பற்று வைக்காதீங்க, கறுப்பேத்தும்போது அது மட்டும் சாம்பலா நிற்கும். கொத்தா இருந்தா அந்த உருப்படி திரும்ப உருக்கும் மூசைக்குத்தான்.

ஈர அச்சு வெறும் ஓட்டையோட நிற்காது. ஊற்றும்போது உலோகத்தைத் திருப்பி ஆள்மேல் துப்பும். மழைக்காலத்தில் ஆர்டர் கொடுத்துட்டு "சீக்கிரம்"னு நெருக்காதீங்க.

உலோகத்துக்கு வருவோம். பித்தளை 900 டிகிரி சுமாரில் உருகும், துத்தநாகம் 907-இல் கொதிக்கும். ஆக, உருகின பித்தளைக்குள்ளே துத்தநாகம் எப்பவும் வெளியேறப் பார்த்துக்கிட்டே இருக்கு. வெள்ளைப் புகை வருதுன்னா துத்தநாகம் போகுது; அதைச் சுவாசிச்சா ராத்திரி குளிர்காய்ச்சல். மேலே கரித்தூளோ உடைஞ்ச கண்ணாடியோ போட்டு மூடி, கடைசியில் கொஞ்சம் துத்தநாகம் சேர்த்து ஈடுகட்டுவாங்க. கவனிக்காம நேரம் இழுத்தா அடுத்தடுத்த உருக்கு சிவப்பாகிக்கிட்டே போகும். ஒரே கூரையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது எலுமிச்சை மஞ்சளும் செம்பொன்னும் கலந்து நிற்கும்.

பழைய குழாய், கதவுக் கைப்பிடி, இதெல்லாம்தான் மூலப்பொருள். குழாயில் ஈயம் 2, 3 சதவீதம் இருக்கும். அது கடைய நல்லா வரும், மெருகுக்கு அவ்வளவு நல்லதில்ல. ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தா செம்புக் கலவையில் ஈயம் 4 சதவீதம் வரைதான் அங்கத்திய ஈயத் தடையிலிருந்து விலக்கு. அலுமினியத் துண்டு ஒண்ணு தப்பித்தவறி விழுந்தாலும் மேலே தோல் கட்டி, ஊற்றும்போது மடிப்பு மடிப்பா சுவரில் விழும்.

#17 வெளிச்சம்2700

எல்லோருக்கும் நன்றி. இப்போது வரைபடத்தில் இருப்பது: 300 விட்டம், 3 மி.மீ., மெழுகு 450 கிராமுக்குள், உச்சியில் 22 × 10 குமிழ், ஊற்றுவாய் அதன்மேல், கீழ்விளிம்பை ஒட்டி 6 மி.மீ. துளை ஒரு வரிசை, பள்ளத்தில் கறுப்பு, உட்பக்கம் மங்கல். 400 விட்டம் இரண்டையும் கைவிட்டு 350-ஆகக் குறைத்துவிட்டேன். கடைசிக் கேள்வி: 14 விளக்குக்கு எத்தனை ஆர்டர் கொடுக்கலாம்? ஒன்று பிறகு உடைந்தால் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ள முடியுமா?

#18 மூசைப்பிடி

350-க்கு அதே 3 மி.மீ.னா 4.9 கிலோ வருது, முன்னாடியே சொல்லிடுறேன். எர்த்வயர் சொன்ன 5 கிலோ வரம்பை ஹோல்டரும் பல்பும் சேர்ந்தா தொட்டுடும். அதுக்கு ரோப்தான்.

14 வேணும்னா 17 கேளுங்க. தனியா ஒண்ணு பிறகு வாங்கலாம், வடிவம் வரும், நிறம் வராது. எல்லாமே ஒரே நிறத்தில் வேணும்னா ஒரு உருப்படிக்கு ஊற்றுவாயோட சேர்த்து 5 கிலோ, பெருசுக்கு 6.5 கிலோன்னு கணக்குப் போட்டு, 17-க்கு 90 கிலோ உலோகத்தை முதலில் உருக்கிக் கட்டியா ஊற்றி வச்சுக்கணும். சின்ன மூசையில் ஒரு தடவைக்கு 15 கிலோதான் நிற்கும். அதனால் ஒவ்வொரு உருக்கிலிருந்தும் ஒரு கட்டி, எல்லாத்தையும் கலந்து எடுத்து மறுபடி உருக்கணும். இதுக்குக் கரியும் கூலியும் தனி, கொட்டேஷனில் தனி வரியா எழுதச் சொல்லுங்க. எழுதலைன்னா செய்ய மாட்டாங்க.

கருவில், உச்சிக்குப் பக்கமா, உருக்கு எண்ணையும் உருப்படி எண்ணையும் ஊசியால் திருப்பிப்போட்டுக் கீறச் சொல்லுங்க. பித்தளையில் உட்பக்கம் நேராப் புடைச்சு வரும், ஹோல்டர் மூடிக்குள்ளே மறைஞ்சிடும். ஒரே உருக்கில் வந்ததை அடுத்தடுத்து மாட்டுங்க.